பிக்-அப்பின் முன்பக்கத்தை உயர்த்தியாயிற்றா? அளக்காமல் சாலையில் இறங்காதீர்கள்

பீடோர் வட்டாரத்தில் பிக்-அப் என்பது வேலைக்கான வாகனம். ரப்பர் மரங்கள் நின்ற பல தோட்டங்களில் இன்று செம்பனை நிற்கிறது. குலை ஏற்றுவது, கொய்யாக் கூடை ஏற்றுவது, டுரியான் பருவத்தில் மேட்டுப் பாதையில் ஏறி இறங்குவது எல்லாம் இந்த வாகனத்தின் தலையில்தான். அதே வாகனம் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவுக்கும் போகும்.

செம்மண் பாதையில் முன் பம்பர் இடிக்கிறது என்றும், பார்க்க எடுப்பாக இருக்கும் என்றும் பலர் லெவலிங் கிட் பொருத்துகிறார்கள். பொருத்துவது ஒரு பட்டறைக்கு அரை நாள் வேலை. உயரத்தை அளந்து, சுமையுடன் சோதித்து, விளக்கையும் சக்கரத்தையும் சரிசெய்வதுதான் வேலையின் மறுபாதி. அந்தப் பாதியை விட்டுவிட்டால் டயர் வீணாகும். இரவில் எதிரே மோட்டார்சைக்கிளில் வருபவரின் கண்ணும் கூசும்.

பின்பக்கம் உயர்ந்திருப்பது குறையல்ல

காலி பிக்-அப்பைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் பின்பக்கம் சற்றுத் தூக்கியிருக்கும். தொழிற்சாலையில் வேண்டுமென்றே அப்படி அமைக்கிறார்கள். பின்னால் சுமை ஏறியதும் பட்டை ஸ்பிரிங் அமுங்கி, வாகனம் ஏறத்தாழ மட்டத்துக்கு வரும்.

லெவலிங் கிட் காலி வாகனத்தை மட்டமாக்குகிறது. அப்படியானால் சுமை ஏறியதும் என்ன ஆகும்? பின்பக்கம் தாழ்ந்து மூக்கு மேலே போகும். ஆகவே கிட் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எத்தனை அங்குலம் ஏறும்?" என்பதல்ல, "வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு பாரம் ஏற்றுகிறேன்?" என்பதுதான்.

முதலில் முன்பக்க அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

இன்றைய ஹைலக்ஸ், டிரைட்டன், ரேஞ்சர், டி-மேக்ஸ் போன்றவற்றின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் ஒரே தொகுப்பாக இருக்கும். இவற்றுக்கு மூன்று வழிகள் உண்டு: தொகுப்பின் தலையில் ஸ்பேசர் வைப்பது, நீளமான ஸ்பிரிங் போடுவது, மரை உள்ள அப்சோர்பருக்கு மாற்றுவது.

2005-க்கு முந்தைய பல ஹைலக்ஸ்களிலும் 2012-க்கு முந்தைய டி-மேக்ஸ்களிலும் முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது. டோர்ஷன் பார் என்னும் நீண்ட முறுக்குக் கம்பிதான் முன்பக்கத்தைத் தாங்குகிறது. அதன் போல்ட்டைத் திருப்பி உயரத்தை மாற்றலாம்.

அளக்கும் முறை

டயர் விட்டத்தையும் காற்றழுத்தத்தையும் பொறுத்துத் தரையிலிருந்து எடுக்கும் அளவு மாறிவிடும். ஆகவே சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே, சக்கர வளைவின் உள் விளிம்பு வரை அளக்க வேண்டும்.

1. சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்துங்கள். செம்மண் தரையில் அளந்தால் கணக்கு பொய்யாகும்.
2. நான்கு டயர்களிலும் வாகனப் புத்தகத்தில் உள்ள காற்றழுத்தம் இருக்கட்டும். எண்ணெய்த் தொட்டி நிறைந்திருக்கட்டும்.
3. வாகனத்தை ஐந்தாறு மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை இரண்டு மூன்று முறை அழுத்தி விடுங்கள். ஜேக்கிலிருந்து இறக்கியவுடன் சக்கரங்கள் ஒடுங்கி நிற்கும். அப்போது எடுக்கும் அளவு உண்மையைவிட அதிகமாக இருக்கும்.
4. நான்கு மூலைகளையும் மில்லிமீட்டரில் எழுதுங்கள்.
5. வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றி மீண்டும் அளந்து எழுதுங்கள்.

கிட் பொருத்துவதற்கு முன் ஒரு தடவை, பொருத்திய அன்று ஒரு தடவை, சுமார் 500 கிலோமீட்டர் ஓடிய பின் ஒரு தடவை அளப்பது நல்லது. புதிய ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்று இறங்கும். அதனால் பொருத்திய அன்றே நுணுக்கமாகச் சரிசெய்வதில் பயனில்லை.

ஓர் உதாரணக் கணக்கு

காலி வாகனத்தில் முன்பக்கம் 500 மி.மீ., பின்பக்கம் 540 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான பாரம் ஏறினால் பின்பக்கம் 60 மி.மீ. இறங்கி 480 ஆகிறது. கிட் இல்லாதபோதே மூக்கு 20 மி.மீ. மேலே நிற்கும். முன்பக்கத்தை 40 மி.மீ. உயர்த்தியிருந்தால் சுமையுடன் அது 60 மி.மீ. ஆகிவிடும். 20 மி.மீ. மட்டும் உயர்த்தியிருந்தால் 40-ல் நிற்கும்.

அப்சோர்பர் தொகுப்பு கீழ்க் கையின் நடுப்பகுதியில் அமர்வதால், தலையில் வைக்கும் ஸ்பேசரின் தடிமனைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு உயரம் சக்கரத்தில் தெரியும். 20 மி.மீ. ஸ்பேசர் 40 மி.மீ. வரை தூக்கக்கூடும். "ஒரு அங்குல ஸ்பேசர்தானே" என்று வாங்கி, இரண்டு அங்குலம் ஏறிவிட்டதைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான்.

உயரத்தைச் சரிசெய்யும்போது

ஸ்பேசர் வகையில் உயரத்தைக் குறைக்க ஒரே வழி, மெல்லிய ஸ்பேசருக்கு மாற்றுவது. இடது வலது வித்தியாசம் 5 மி.மீ.க்குள் இருந்தால் கவலை வேண்டாம். 10 மி.மீ.ஐத் தாண்டினால் தளர்ந்த ஸ்பிரிங், வளைந்த கை, தவறாக அமர்ந்த ஸ்பேசர் ஆகியவற்றில் எது காரணம் என்று தேட வேண்டும். காரணம் தெரியாமல் ஒரு பக்கம் மட்டும் தடிமன் கூட்டக் கூடாது.

மரை உள்ள வகையில், சக்கரத்தைத் தொங்கவிட்டு, மரையைத் துடைத்து, ஸ்பிரிங் தாங்கியை இரு பக்கமும் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். இரு பக்கமும் தெரியும் மரையின் நீளம் சமமாக இருப்பது இலக்கல்ல. சக்கர வளைவின் உயரம் சமமாக இருப்பதுதான் இலக்கு.

டோர்ஷன் பாரில், பாரம் நீங்க வாகனத்தைத் தூக்கி ஸ்டேண்டில் நிறுத்திவிட்டுத்தான் போல்ட்டைத் திருப்ப வேண்டும். முறுக்கினால் கம்பி கடினமாகும் என்பது தவறான எண்ணம். உயரம்தான் கூடும், சக்கரம் கீழ்நோக்கி இறங்கும் தூரம் குறையும். அளவு மீறினால் ஒவ்வொரு குழியிலும் முன்பக்கம் 'டொக்' என்று அடிக்கும்.

ஸ்பிரிங்கை அமுக்கிப் பிரிக்கும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள். நழுவிய ஸ்பிரிங் உயிரைப் பறிக்கும். ஜேக்கை மட்டும் நம்பி வாகனத்தின் அடியில் போவதும் அப்படித்தான்.

வேலை முடிந்ததும் கைகளின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை, வாகனம் தன் சக்கரத்தில் நிற்கும்போதுதான் இறுதியாக முடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முடுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்; உயர அளவையும் கெடுக்கும்.

விளக்கு: மறக்கவே கூடாதது

தாழ்நிலை விளக்கின் ஒளி 10 மீட்டருக்குச் சுமார் 10 செ.மீ. இறங்கும்படி அமைந்திருப்பதாகக் கொள்வோம். விளக்கு 90 செ.மீ. உயரத்தில் இருந்தால், 50 மீட்டர் தூரத்தில் ஒளியின் மேல் விளிம்பு தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் விழும்.

ஹைலக்ஸின் முன் பின் சக்கரங்களுக்கு இடையே 3,085 மி.மீ. தூரம். முன்பக்கம் 40 மி.மீ. ஏறினால் வாகனம் 1.3 விழுக்காடு மேல்நோக்கிச் சாய்கிறது. அதே 50 மீட்டரில் ஒளி விளிம்பு சுமார் 1.1 மீட்டருக்கு ஏறிவிடும். பின்னால் பாரம் ஏற்றி 60 மி.மீ. இறங்கினால் 2 மீட்டரைத் தாண்டும். பீடோர் - தெலுக் இந்தான் சாலையில் இரவில் எதிரே மோட்டார்சைக்கிளில் வருபவரின் முகம் முழுக்க அந்த ஒளிக்குள் இருக்கும். அவருக்குச் சாலை ஓரம் தெரியாது.

உயரம் அமைத்த அன்றே சுவருக்கு 5 மீட்டர் முன்னால் வாகனத்தை நிறுத்தி, ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் மையத்தைவிடச் சுமார் 5 செ.மீ. தாழ விழும்படி திருகைச் சரிசெய்யுங்கள். உங்கள் வாகனப் புத்தகம் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ஓட்டுநர் இருக்கை அருகே விளக்கைத் தாழ்த்தும் சக்கரம் இருந்தால், பாரம் ஏற்றும்போது அதைப் பயன்படுத்துங்கள்.

அலைன்மென்ட்

முன்பக்கம் ஏறினால் கேஸ்டர் குறையும்; டோ, கேம்பர் இரண்டும் மாறும். கேஸ்டர் குறைந்தால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. நெடுஞ்சாலையில் வாகனம் அலையும். டோ தவறினால் டயரின் ஓரம் ரம்பப் பல்போல் தேயும். பட்டறையில் டோ மட்டும் பார்த்து அனுப்பிவிடாமல் மூன்று அளவுகளும் உள்ள தாளைக் கேட்டு வாங்குங்கள். கேஸ்டர் அளவுக்குள் வரவில்லை என்றால் உயரம் அதிகம் என்று பொருள். உயரத்தைக் குறைப்பது ஒரு வழி. மேல் கையை மாற்றுவது செலவு கூடிய வழி.

முன் கேமரா, ரேடார் உள்ள புதிய வாகனங்களில் அவற்றையும் மறுபடி அளவமைக்க வேண்டும்.

கீழே குனிந்து பார்க்க வேண்டியவை

• சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பிரேக் குழாயும் ஏ.பி.எஸ். ஒயரும் இழுபடுகின்றனவா?
• மேல் கை சுருள் ஸ்பிரிங்கைத் தொடுகிறதா?
• டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் உறை மடிந்து உரசுகிறதா, கிரீஸ் தெறித்துள்ளதா?
• ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் எங்காவது உரசுகிறதா?

சில வாகனங்களில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு கம்பி இருக்கும். பாரத்தை உணர்ந்து பின் பிரேக்கின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வின் கம்பி அது. முன்பக்கத்தை மட்டும் உயர்த்தினால் அதைத் தொட வேண்டியதில்லை. பின்பக்கத்தையும் உயர்த்தினால் "பாரம் இல்லை" என்று அந்த வால்வு ஏமாந்து பின் பிரேக்கைக் குறைத்துவிடும். கம்பியைக் கட்டாயம் மறுபடி அமைக்க வேண்டும்.

சட்டமும் காப்புறுதியும்

வாகன மாற்றங்கள் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழும் அதன் விதிகளின் கீழும் வருகின்றன. கிட் வாங்குவதற்கு முன்பே ஜே.பி.ஜே. அலுவலகத்தில் உங்கள் வாகனத்துக்கு எது அனுமதி என்று கேட்டுக்கொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்துமூலம் தெரிவியுங்கள். சொல்லாத மாற்றம் விபத்துக்குப் பிறகு இழப்பீட்டில் சிக்கலாக வந்து நிற்கக்கூடும்.

யாருக்கு எவ்வளவு?

தினமும் குலையோ கற்களோ ஏற்றுபவர் முன்பக்கத்தைத் தொடாமல், தளர்ந்த பட்டை ஸ்பிரிங்கைக் கவனிப்பதே நல்லது. பாதி நாள் பாரம், பாதி நாள் காலி என்பவர் பின்பக்கம் 15 முதல் 20 மி.மீ. உயர்ந்திருக்கும்படி நிறுத்திக்கொள்ளலாம். பெரும்பாலும் காலியாக ஓட்டுபவர் மட்டமாக வைக்கலாம். யாராக இருந்தாலும், வாகனம் தாங்கும் எடையை எந்தக் கிட்டும் ஒரு கிலோகூடக் கூட்டாது. புத்தகத்தில் உள்ள உச்ச எடை அப்படியேதான் இருக்கும்.

நான்கு மூலை அளவுகளையும் அலைன்மென்ட் தாளையும் வாகனத்திலேயே வைத்திருங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு பக்கம் இறங்கியிருப்பதாகத் தோன்றினால், எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அந்த எண்களை வைத்து உடனே பார்த்துவிடலாம்.