அலை விலை போயிற்று, திரை இருண்டது!

2009-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 12-ஆம் நாள். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் முழு ஆற்றலோடு இயங்கிய தொலைக்காட்சி நிலையங்கள் யாவும் பழைய முறை ஒளிபரப்பை அன்றோடு முடித்துக்கொண்டன. 1941-ஆம் ஆண்டு முதல் வீடு தேடி வந்த அலை அன்று ஓய்ந்தது. போர் முழக்கம் இல்லை. புரட்சிக் கொடி இல்லை. ஆயினும் அந்த ஒரே நாளில், அரசு அமைத்திருந்த உதவித் தொலைபேசிக்கு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்து குவிந்தன. அலை ஓய்ந்ததால் அல்லலுற்றோர் யார்? திங்கள்தோறும் பணம் கட்டிக் கேபிள் வழியே படம் பார்த்தவர்களா? அல்லர். கூரை மீது ஓர் ஏரியலை நட்டு, காசின்றிக் காற்றில் வந்ததைக் கண்டு களித்தவர்களே!

அறிவியல் வளர்ந்த கதையைப் பலரும் எழுதுவர். அந்த வளர்ச்சிக்கு யார் விலை கொடுத்தார் என்பதை எழுதுவோர் சிலரே. அந்த வரலாற்றையே இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

மாற்றம் யாது? பழைய முறையில் காட்சியின் ஒளியும் நிழலும் எவ்வாறு ஏறி இறங்கினவோ, அவ்வாறே அலையும் ஏறி இறங்கிற்று. அதுவே அனலாக் முறை. புதிய முறையிலோ காட்சி எண்களாக்கப்பட்டு, சுருக்கப்பட்டு, எண்களாகவே அனுப்பப்படுகிறது. அதுவே டிஜிட்டல் முறை. பழைய படத்துக்கு 525 வரிகள். புதிய உயர் தெளிவுப் படத்துக்கோ 1080 வரிகள் வரை உண்டு. முன்பு ஒரே நிகழ்ச்சி சென்ற அலைவரிசையில் இன்று ஓர் உயர் தெளிவு நிகழ்ச்சியோ, சாதாரணத் தெளிவில் பல நிகழ்ச்சிகளோ செல்லலாம். சிக்கனமும் சிறப்பும் ஒருங்கே சேர்ந்த முறை இது என்பதை மறுப்பார் யார்? நாமும் மறுக்கவில்லை.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. பழைய அலை நலிந்தால் படத்தில் புள்ளிகள் பூக்கும், உருவம் இரட்டிக்கும், எனினும் செய்தி சொல்வோரின் முகம் தெரியும், குரல் கேட்கும். புதிய அலையோ ஓர் எல்லை வரை தெளிவாக வரும்; அந்த எல்லைக்குக் கீழே சென்றால் அடியோடு அற்றுப்போகும். கோபுரத்திற்கு அண்மையில் இருந்தோர்க்கு அது கொடை. எட்டாத் தொலைவில் இருந்தோர்க்கு அது தடை.

இதன் தொடக்கம் சப்பான் நாட்டில். 1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டுக்குப் பின், அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. உயர் தெளிவுத் தொலைக்காட்சி ஆராய்ச்சியைத் தொடங்கிற்று. 1980-ஆம் ஆண்டுகளில் அதன் 1125 வரிப் படத்தைக் கண்டு உலகம் வியந்தது. அமெரிக்காவிலோ, வியப்போடு வேறொரு கணக்கும் கலந்தது. காலியாகக் கிடந்த அலைவரிசைகளை நடமாடும் வானொலிப் பணிகளுக்கு அளிக்க அரசு எண்ணிய வேளை அது. அவற்றை இழக்க மனமில்லாத நிலைய உடைமையாளர்கள், உயர் தெளிவுப் படத்துக்கு அவை வேண்டும் என்று 1987-இல் முறையிட்டனர். ரிச்சர்டு வைலி தலைமையில் ஆலோசனைக் குழு அமைந்தது. 1990-இல் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் என்னும் நிறுவனம், முழுவதும் எண்களால் இயங்கும் முறையை முன்வைத்தது. 1993-இல் போட்டியிட்ட நிறுவனங்களே கைகோத்தன. 1996 டிசம்பரில் அவர்கள் வகுத்த முறையைக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் ஏற்றது.

அடுத்து வந்தது அலையைப் பங்கிடும் படலம். பழைய அலைவரிசையோடு புதிதாக ஒன்றும் ஒவ்வொரு நிலையத்துக்கும் விலையின்றி வழங்கப்பட்டது. மாற்றம் முடிந்ததும் ஒன்றைத் திருப்பித் தரவேண்டும் என்பது ஏற்பாடு. 1997-இல் இயற்றிய சட்டம் 2006-ஆம் ஆண்டை எல்லையாக வைத்தது. ஆனால் ஒரு வட்டாரத்தில் 85 விழுக்காட்டு வீடுகள் புதிய முறையைப் பெறும் நிலை எய்தாவிடில், அங்கே எல்லை தள்ளிப்போகலாம் என்றும் அச்சட்டம் கூறிற்று. வீட்டை எண்ணிப் பார்த்த விதி அது. முழுமையானதன்று, நூற்றில் பதினைந்து வீடுகளைக் கணக்கில் விட்ட விதிதான். எனினும் மக்களின் நிலையை ஓரளவேனும் கேட்ட விதி.

2006 பிப்ரவரியில் கையொப்பமான புதிய சட்டம் அந்த விதியை அகற்றிற்று. 2009 பிப்ரவரி 17 என்று ஒரு நாளைக் குறித்தது. விளைவு? வீடுகள் ஆயத்தமாயினும் ஆகாவிடினும் அலை நிற்கும்! காரணம் இல்லாமல் இல்லை. விடுவிக்கப்பட்ட அலைக்கற்றையில் ஒரு பகுதி தீயணைப்போர், காவலர் ஆகியோரின் பணிக்குச் சென்றது; அது நற்பணியே. மற்றொரு பெரும் பகுதி 2008-இல் ஏலத்துக்கு வந்தது. கைப்பேசி நிறுவனங்கள் போட்டியிட்டன. அரசுக்குக் கிடைத்த தொகை ஏறத்தாழ 1,900 கோடி டாலர்!

காற்று யாருடைய சொத்து? மக்களுடைய சொத்து. அதை விற்ற பணத்தில், பழைய பெட்டியை வைத்திருந்த ஏழைக்கு என்ன பங்கு? 40 டாலர் மதிப்புள்ள சீட்டு, வீட்டுக்கு இரண்டு. அதைக் காட்டி, பழைய பெட்டியோடு இணைக்கும் மாற்றுக் கருவியை வாங்கலாம். குறையும் பணத்தைக் கைப்பொறுப்பில் கட்ட வேண்டும். இத்திட்டத்துக்குச் சட்டம் முதலில் வைத்த உச்ச வரம்பு 150 கோடி டாலர். ஏலத்தில் வந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

அந்தச் சீட்டு வந்த வழியைக் காணுங்கள். விண்ணப்பம் போட வேண்டும். அஞ்சலில் வர வேண்டும். 90 நாளில் பயன்படுத்தாவிடில் செல்லாக் காசு. முதற்கட்டச் சீட்டுகளை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கேபிள் உள்ள வீட்டினரும் கேட்கலாம்! ஆனால் முதியோர் காப்பகத்தில் வாழ்ந்தோரும், அஞ்சல் பெட்டி எண்ணையே முகவரியாகக் கொண்டோரும் தொடக்கத்தில் பெற இயலாது. 2008-இல் விதியைத் திருத்திய பின்னரே அவர்களுக்கு வழி பிறந்தது. இருப்பவனுக்குத் திறந்த கதவு, இல்லாதவனைக் கண்டு மூடிக்கொண்ட கதை இதுவன்றோ?

2009 ஜனவரித் தொடக்கத்தில், குறித்த நாளுக்கு ஆறு கிழமையே இருக்கையில், பணம் உச்ச வரம்பைத் தொட்டது. இலட்சக்கணக்கான விண்ணப்பங்கள் காத்திருப்போர் பட்டியலில் நின்றன. அந்நிலையில் 65 இலட்சம் வீடுகள் ஆயத்தமாகவில்லை என்று நீல்சன் நிறுவனம் கணக்கிட்டது. சோம்பேறிகள், இறுதி நாள் வரை உறங்குகிறவர்கள் என்று அவர்களை ஏளனம் செய்வது எளிது. ஆனால் வரலாறு வேறு சான்று கூறுகிறது. அதிபர் ஒபாமா பிப்ரவரி 11-இல் கையொப்பமிட்ட சட்டம் எல்லையை ஜூன் 12-க்குத் தள்ளிற்று. கூடுதலாக 65 கோடி டாலர் வந்தது. நான்கே திங்களில், ஆயத்தமாகாத வீடுகள் ஏறத்தாழ 28 இலட்சமாகக் குறைந்தன! உறக்கமே காரணமாயின், காலமும் காசும் கிடைத்தவுடன் இத்தனை வீடுகள் விழித்தது எப்படி? மீதி நின்ற வீடுகளிலும் கறுப்பின மக்களும் ஸ்பானிய மொழி வழியினரும் தம் தொகைக்கு மிஞ்சிய பங்கினர். பின்தங்கியோர் எவ்வாறு பின்தங்கினர் என்பதற்கு வேறு விளக்கமும் வேண்டுமோ?

இடையே ஒரு சிறு செய்தி. அவாயித் தீவுகளில் மட்டும் மாற்றம் முந்தி, 2009 ஜனவரி 15-இல் நடந்தது. ஏன்? ஆலெயகாலா மலை மீதிருந்த பழைய கோபுரங்களை, அருகில் முட்டையிடும் அரிய கடற்பறவையின் கூடு கட்டும் பருவத்துக்கு முன்பே அகற்ற வேண்டியிருந்தது. பறவையின் பருவம் பார்த்து நாளை மாற்றினார்கள். அந்தப் பரிவைப் போற்றுகிறோம். பறவைக்காக நாளை மாற்ற முடிந்தவர்களுக்கு, பட்டியலில் காத்து நின்ற மனிதருக்காக அதனை முன்பே எண்ணிப் பார்த்திருக்க முடியாதா என்றே கேட்கிறோம்.

வேறு வழி உண்டா என்பார்க்கு விடை உண்டு. பிரிட்டன் ஒரே நாளில் அணைக்கவில்லை. 2007 அக்டோபரில் வொயிட்டேவன் என்னும் சிற்றூரில் தொடங்கி, வட்டாரம் வட்டாரமாகச் சென்று, 2012 அக்டோபரில் வட அயர்லாந்தில் முடித்தது. 75 வயது கடந்தோர்க்கும் உடற்குறையுற்றோர்க்கும் தனி உதவித் திட்டம் இருந்தது. கருவி கொடுத்ததோடு நில்லாமல், வீட்டுக்கே ஆள் வந்து பொருத்திப் பழக்கவும் செய்தது. அமெரிக்காவிலும் 2008 செப்டம்பரில் வில்மிங்டன் நகரில் ஒரு முன்னோட்டம் நடந்தது. கருவி வாங்கிய பின்னும் அலைவரிசைகளைத் தேடிப் பதியத் தெரியாமலும், ஏரியல் போதாமலும் பலர் இடர்ப்பட்டனர் என்பது அங்கே தெரிந்தது. மக்களுக்குக் குறைந்தது கருவி மட்டுமன்று, கைகொடுப்போரும்தான்!

ஆகவே நாம் கொள்ளும் பாடம் இதுவே. புதியதை வெறுப்பது மடமை. புதியதைக் கொணர்ந்து எளியோரைக் கைவிடுவது கொடுமை. இரண்டும் வேண்டா. மாற்றத்தின் நாளை, முதலில் வாங்கியவனின் வீட்டைப் பார்த்துக் குறிக்காதீர். இறுதியில் வாங்கக்கூடியவளின் வீட்டைப் பார்த்துக் குறியுங்கள். பொதுச்சொத்தை விற்ற பணத்தில் முதற்பங்கை, அந்த விற்பனையால் இழப்போர்க்கு வையுங்கள். திரையில் எத்தனை வரிகள் என்று எண்ணும் அறிவியலுக்கு நம் வணக்கம். திரை இருண்ட வீடுகள் எத்தனை என்று எண்ணும் ஆட்சிக்கே நம் வாழ்த்து!