மார்பில் ஓர் எண்



சில வாரங்களுக்கு முன், தொடக்கநிலை ஐந்தில் பயிலும் மாணவன் ஒருவன் தன் தந்தை நெட்டோட்டத்தில் அணிந்திருந்த எண் அட்டையை வகுப்பிற்குக் கொண்டுவந்திருந்தான். ஓட்டக்காரர்கள் 'பிப்' என்று சொல்வது அதைத்தான். நான்கு மூலைகளிலும் ஊக்கு குத்திய துளைகள், ஓரத்தில் வியர்வைக் கறை, நடுவே அழுத்தமான ஒரு மடிப்பு. தந்தை 42.195 கிலோமீட்டரையும் ஓடி முடித்தாராம். முடிவுப் பட்டியலிலோ அவர் பெயருக்கு எதிரே நேரம் இல்லை.

"அப்பா ஓடினாரு சார், நானே பார்த்தேன்" என்றான். சற்றுப் பொறுத்து, "பேரைப் போடாம நம்பரை ஏன் சார் போடுறாங்க?" என்றும் கேட்டான்.

அன்று அவனுக்கு அரைகுறையாகத்தான் விடை சொன்னேன். பின்னர் படித்தறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

எண் முதலில் நடுவருக்காக ஏற்பட்டது. ஓடுகிறவர் கண்முன் இருப்பது ஒரு நொடி. அதற்குள் பெயரைப் படிக்க இயலாது. நம் ஊரில் ஒரே ஓட்டத்தில் எத்தனை குமார்கள், எத்தனை டான்கள், எத்தனை அகமதுகள்! எண்ணோ ஒருவருக்கே உரியது. எந்த மொழிக்காரரும் அதை ஒரே பார்வையில் படித்துவிடலாம். 1908-இல் லண்டன் ஒலிம்பிக் மாரத்தானில் தள்ளாடி விழுந்து, அதிகாரிகள் தாங்கிப் பிடித்ததால் பரிசிழந்த இத்தாலியர் டொராண்டோ பியத்ரியின் புகைப்படத்தைப் பாருங்கள். மார்பில் 19 என்ற எண் தெளிவாகத் தெரியும்.

சிங்கப்பூர்த் தமிழருக்கு ஓட்டம் புதிதன்று. தேக்கா வட்டாரத்து ரேஸ் கோர்ஸ் சாலையின் பெயருக்குக் காரணமான குதிரைப் பந்தயத் திடல் 1933-இல் புக்கித் தீமாவுக்கு இடம்பெயர்ந்தது; ஃபேரர் பார்க்கில் அந்த நிலம் பின்னர் விளையாட்டுத் திடலாயிற்று. பி.சி. சுப்பையா 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்களில் பங்கேற்றார். 10,000 மீட்டரில் 1973-இல் அவர் படைத்த தேசியச் சாதனை 2014 வரை நிலைத்தது. கே. ஜெயமணி 1977 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் 1,500, 3,000 மீட்டர் ஓட்டங்களில் தங்கம் வென்றார். 1983-இல் இதே சிங்கப்பூரில் மகளிர் மாரத்தானிலும் வென்றார். மகளிர் மாரத்தான் ஒலிம்பிக்கில் இடம்பெற்றதே அதற்கு அடுத்த ஆண்டுதான். எம். ரமேஷன் 1995-இல் சியாங் மாயில் ஓடிய 2 மணி 24 நிமிடம் 22 விநாடி என்னும் மாரத்தான் சாதனை 2019 வரை முறியடிக்கப்படவில்லை.

இப்பெயர்களைப் பாருங்கள்: பி.சி., கே., எம். பெயருக்கு முன்னே தலைப்பெழுத்து. பட்டியலில் வெறும் தலைப்பெழுத்தும் குடும்பப்பெயரும் மட்டும் இருந்தால் ஆணா பெண்ணா என்று அயலார் அறிய மாட்டார். இந்தச் சிறு செய்தி 1967-இல் பாஸ்டன் நகரில் பெரிய விளைவை உண்டாக்கியது.

அக்காலத்தில் மாரத்தான் தொலைவு பெண்ணுடலுக்கு ஆகாது என்று கருதினர். பாஸ்டன் ஓட்டத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை. கேத்தரின் சுவிட்சர் என்ற கல்லூரி மாணவி 'கே. வி. சுவிட்சர்' என்று தலைப்பெழுத்துகளோடு பதிவு செய்தார். 261 என்ற எண் அவருக்குக் கிடைத்தது. ஓட்டத்தின் நடுவே ஜாக் செம்பிள் என்ற அமைப்பாளர் பாய்ந்து வந்து அந்த எண்ணைப் பறிக்க முயன்றார். உடன் ஓடிய நண்பர் அவரை இடித்துத் தள்ள, சுவிட்சர் தொடர்ந்து ஓடி முடித்தார். செம்பிள் அவரைப் பாதையை விட்டு வெளியேற்ற முனைந்தபோது கைநீட்டியது அந்தத் துண்டு அட்டையை நோக்கித்தான். அதை இழந்தால் அவர் சாலையில் ஓடும் ஒரு பெண், அவ்வளவே. மகளிர் முறைப்படி அனுமதிக்கப்பட்டது 1972-இல். 2017-இல், எழுபது வயதில், அதே 261-ஐ அணிந்து சுவிட்சர் மீண்டும் பாஸ்டனில் ஓடினார். அதன் பின்னர் அந்த எண்ணை எவருக்கும் வழங்குவதில்லை என முடிவு செய்தனர்.

ஆனால் என் மனத்தை அதிகம் வருத்தியது இன்னொருவர் வரலாறு. பாபி கிப் என்பவர் 1966-இலேயே பாஸ்டன் தொலைவை ஓடி முடித்தவர். விண்ணப்பம் மறுக்கப்பட்டதால் புதரில் மறைந்திருந்து, ஓட்டம் தொடங்கியதும் கூட்டத்தில் கலந்தார். 1967-இலும் ஓடினார், சுவிட்சருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாகவே முடித்தார். எண் மட்டும் இல்லை. அவரை அவ்வாண்டுகளின் மகளிர் வெற்றியாளராக அமைப்பாளர்கள் ஏற்றது 1996-இல்தான். முப்பது ஆண்டுகள்!

இதற்கு நேர்மாறான கதையும் அதே ஊரில் உண்டு. 1980-இல் ரோசி ரூயிஸ் என்பவர் மகளிரில் முதலாவதாக வந்து மாலையும் பெற்றார். மார்பில் எண் இருந்தது. ஆனால் வழிநெடுகிலும் எண்களைக் குறித்துக்கொண்டிருந்தவர்கள் எவரும் அவரைக் கண்டதாகச் சொல்லவில்லை. முடிவிடத்திற்குச் சற்று முன்னர்க் கூட்டத்திலிருந்து அவர் பாதையில் புகுந்ததைப் பார்த்தவர்கள் இருந்தனர். சில நாள்களில் பரிசு பறிக்கப்பட்டுக் கனடாவின் ஜாக்குலின் கரோவுக்கு வழங்கப்பட்டது.

மனிதக் கண் செய்த அந்தப் பணியை இன்று சில்லு செய்கிறது. 1990களில் அதைக் காலணி நாடாவில் கட்டிக்கொண்டு ஓடி, முடிவில் கழற்றித் திருப்பித் தரவேண்டும். பாஸ்டனின் நூறாவது ஓட்டத்தில், 1996-இல், ஏறத்தாழ 38,000 பேருக்கு இம்முறையில் நேரம் கணித்தனர். இப்போது பெரும்பாலும் எண் அட்டையின் பின்புறத்திலேயே மெல்லிய சில்லு ஒட்டப்பட்டிருக்கும். அதில் மின்கலம் இல்லை. தொடக்கக் கோட்டிலும் இடைவழியிலும் முடிவிலும் விரித்துள்ள பாய்களிலிருந்து வானொலி அலை வருகிறது. அந்த அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்றுச் சில்லு தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. கணினி நேரத்தைக் குறிக்கிறது. கூட்டத்தின் பின்வரிசையில் நின்று பத்து நிமிடம் கழித்துக் கோட்டைத் தாண்டியவருக்கும் அவருடைய சொந்த நேரம் கிடைப்பது இதனால்தான்.

இந்தச் சில்லுக்கு நீர் ஆகாது. நம் உடலோ பெரும்பகுதி நீர். உடலோடு ஒட்டினால் அலையை உடலே விழுங்கிவிடும். அதனால்தான் சில அட்டைகளில் சில்லின்மேல் பஞ்சு போன்ற பட்டை இருக்கும். மடித்தாலும், இடுப்பில் கட்டிய தண்ணீர்ப் புட்டிக்கு அடியில் செருகினாலும், சில்லின் குரல் பாய்க்கு எட்டாமற் போகலாம். மாணவனின் தந்தை அட்டையை இரண்டாக மடித்து இடுப்புவாரில் செருகியிருந்தாராம். 'பார்க்க நன்றாக இல்லை' என்பது காரணம்!

மறுவாரம் இவற்றையெல்லாம் அவனிடம் சொன்னேன். தாம் ஓட முடியாத நாளில் அட்டையை நண்பரிடம் கொடுத்தனுப்புவோரும் உண்டு. அணிந்தவர் வழியில் மயங்கினால் மருத்துவர் தேடுவது வேறொருவரின் விவரங்களை என்றும் சொன்னேன். அட்டையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். பின்புறத்தில் பெயர், நோய் விவரம், அவசரத்திற்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண் ஆகியவற்றுக்குக் கோடுகள் இருந்தன. ஒன்றும் நிரப்பப்படவில்லை.

"அடுத்த ஓட்டத்துக்கு அப்பா பேர் கொடுத்துட்டாரு சார்" என்றான். "அட்டை வந்ததும் இதை நானே எழுதுறேன். தமிழ்ல எழுதலாமா?"

பெயரைத் தமிழிலும் எழுது, தொலைபேசி எண்ணைத் தெளிவாக எழுது என்றேன்.