கிணத்தடிப் பன்னம்

தமிழ்நாட்டுக்காரர் பெரணி என்பதை நாங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் பன்னம் எண்டு படிச்சோம். மலையாளத்தில் அது பன்னல். கொச்சியில் ஒல்லாந்துத் தளபதியாக இருந்த வான் றீடே தொகுப்பித்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக வந்தது. அதன் கடைசிப் பாகத்தில் 'பன்ன' என்று தொடங்குகிற செடிப் பெயர்கள் லத்தீன் எழுத்தில் கிடக்கு. எங்கட பாடப்புத்தகச் சொல்லுக்கு உறவுக்காரர் அங்கதான் இருக்கினம் போல.

அதே கம்பனிதான் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது. நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற், வேலணைத் தீவுக்கு லெய்டன், நயினாதீவுக்கு ஹார்லெம் எண்டு தங்கட ஊர்ப் பெயர்களை ஒட்டினார்கள். ஆனால் தீவகத்தில் அவர்கள் தேடினது பன்னத்தை இல்லை, சாயவேரை. துணிக்குச் சிவப்பு ஏத்துற வேர், காசு வரும். பன்னத்தால் என்ன வருமானம்?

பன்னத்துக்கு மவுசு வந்தது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில். 1829 இல் லண்டன் வைத்தியர் நதானியேல் வார்ட் ஒரு பூச்சியின் கூட்டை மண்ணோடு போத்தலில் மூடி வைத்தார். உள்ளே தானாக ஒரு பன்னம் முளைத்தது. தண்ணீர் ஆவியாகி, கண்ணாடியில் பட்டு, திரும்ப மண்ணுக்கே வந்தது. அந்தப் போத்தல் பிறகு கண்ணாடிப் பெட்டியாகி, கப்பல் தளத்தில் உப்புக் காற்றுப் படாமல் செடிகளைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோனது. வீட்டுக்கு வீடு பன்னம் சேர்க்கிற பைத்தியம் பிடித்தது. அதைக் கேலி செய்து சார்ள்ஸ் கிங்ஸ்லி 1855 இல் 'ப்டெரிடோமேனியா' என்று பெயர் வைத்தார். பேராதனையிலும் ஹக்கலையிலும் இருக்கிற பன்னத் தோட்டங்களை நான் அந்த ரசனையின் மிச்சமாகத்தான் பார்க்கிறன். மலைநாட்டில் அது பொருந்தும்; மழை சும்மா கொட்டுது.

தீவகத்தில்? சுண்ணாம்புக்கல்லுக்குள் மழைநீர் கடல்நீருக்கு மேல் மெல்லிய ஆடை போல மிதக்குது. கூட இறைச்சால் கிணறு உவராகும். குடிதண்ணிக்கு பவுசர் பார்த்து நிக்கிற ஊரில், விறாந்தையில் தொங்குகிற பன்னச் சட்டிக்கு தினமும் நல்ல தண்ணி ஊத்துறது எனக்குச் சரியாகப் படேல்லை. பன்னம் வேணுமெண்டால் குளிச்ச தண்ணி ஓடுற கிணத்தடி வாழைக்குக் கீழே வையுங்கோ. தும்பும் இலைமக்கும் போட்டால் ஈரம் நிக்கும். சவர்க்காரத் தண்ணியை மட்டும் வேறு பக்கம் திருப்பி விடுங்கோ. உவர்க் கிணறு எண்டால் அதுவும் சரிவராது, நுனி கருகும்.

உண்மையில் வறட்சியை வென்ற பன்னம் ஒன்றை எங்கட ஆக்கள் கீரையாகவே வைச்சிருக்கினம்: ஆரை. நாலு இலை விரிச்சு குளத்தோரத்திலும் வயலிலும் நிற்குமே, அதுதான். பூவும் இல்லை, காயும் இல்லை, அது பன்னக் குடும்பம். குளம் வற்றினால் பயறு மாதிரிக் கெட்டியான உறைக்குள் வித்திகளைப் பூட்டி, சேற்றில் வருடக்கணக்காகக் கிடக்கும். மழை வந்தால் உறை ஊறி வெடிக்கும்.

இதன் அவுஸ்திரேலிய உறவு நார்டூ. 1861 இல் பேர்க், வில்ஸ் என்ற இரண்டு வெள்ளைக்காரப் பயணிகள் கூப்பர் க்ரீக் கரையில் அதை அரைத்துத் தின்றும் இளைத்துச் செத்தார்கள். சரியாகப் பதப்படுத்தாத நார்டூவில் விற்றமின் பி1 ஐ அழிக்கிற நொதியம் இருக்கு; அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அந்த நிலத்தின் யன்ட்ருவந்தா மக்களுக்கு அதைப் பக்குவம் செய்யத் தெரியும். அவர்களோடு போய்ச் சேர்ந்த ஜோன் கிங் மட்டும் பிழைத்தார்.