மணிமங்கலம் வரைக்கும் ஒரு மிதி

ஞாயித்துக்கிழமை விடிகாலைல மேற்குத் தாம்பரத்துல சைக்கிள் ஏறினா, முடிச்சூர் தாண்டி மணிமங்கலம் ஏரிக்கரைக்குப் போக ஒரு மணி நேரம் ஆகாது. லாரியெல்லாம் கிளம்புறதுக்குள்ள போயிடணும், அவ்வளவுதான். அப்புறம் கொக்கு, காத்து, நம்ம செயின் சத்தம்.

இந்த அமைதியான ஊரில்தான் ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மனும் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியும் மோதினார்கள். மகேந்திரவர்மனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்க வைத்த அதே புலிகேசி! பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்று போர்க்களங்களை வரிசையாகச் சொல்கிறது, நரசிம்மனின் பேரன் முதலாம் பரமேஸ்வரவர்மன் காலத்துக் கூரம் செப்பேடு. புறமுதுகிட்ட புலிகேசியின் முதுகையே ஏடாக்கி, அதில் வெற்றி என்று எழுதினானாம் பல்லவன். 642 வாக்கில் வாதாபியும் விழுந்தது.

பிரான்ஸில் பாரிஸ்-ரூபே சைக்கிள் பந்தயத்துக்கு 'வடக்கின் நரகம்' என்று பெயர் வந்ததே 1919ல், முதல் உலகப்போர் சிதைத்துப் போட்ட பாதையைப் பார்த்துத்தான். அங்கே மிதிக்கிறவனுக்கு அது போர்க்களம்னு தெரியும். நான் எத்தனை தடவை இங்க வந்து டீ குடிச்சுட்டுத் திரும்பியிருக்கேன், ஒண்ணும் தெரியாமலே!

செப்பேடு ஊர்ப் பெயரைச் சொல்கிறது, எந்த வயல் என்று சொல்லவில்லை. வழியில் வயலெல்லாம் மனையாகிக்கிட்டே வருது. ஒவ்வொரு தடவையும் புதுசா நாலு எல்லைக்கல் கண்ணில் படுது. போருக்குத்தான் ஒரு கல்லையும் காணோம். மிச்சம் இருக்கும்போதே ஒருதரம் மிதிச்சுப் பாத்துடுங்க மக்கா.