காய்ச்சல் பறித்த ஸ்டெதாஸ்கோப்

1920-ம் வருடத் தொடக்கம். ரஷ்யாவில் உள்நாட்டுப் போர். காகஸஸ் மலையடிவாரத்தில் இருக்கும் விளாதிகாவ்காஸ் நகரை விட்டு, போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெள்ளைப் படை மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. செம்படை நெருங்கிவிட்டது!

அந்தப் படையின் டாக்டர் ஒருவர் மட்டும் கிளம்பவில்லை. எப்படிக் கிளம்புவார்? டைபஸ் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தார். (டைஃபாய்டு வேறு. இது பேன் பரப்புகிற நோய். அந்தப் போரில் லட்சக்கணக்கானோரை விழுங்கியது.)

டாக்டரின் பெயர் மிகயீல் புல்ககோவ். வயது 28. பக்கத்தில் மனைவி தாத்தியானா. 'இவரை வண்டியில் ஏற்றினால் வழியிலேயே செத்துப்போவார்' என்று மருத்துவர்கள் சொல்லிவிட, அவர் நகரவில்லை. கிராமத்து டாக்டராக இருந்தபோது மார்ஃபினுக்கு அடிமையான கணவரை ஏற்கெனவே ஒருமுறை மீட்டவர் அவர். இது இரண்டாவது மறுபிறவி.

கண் விழித்தால் ஊர் செம்படை கையில்! 'வெள்ளைப் படை டாக்டர்' என்று தெரிந்தால் தலை தப்புமா? தவிர, டாக்டர் என்றாலே எந்தப் படையும் பிடித்துக்கொண்டு போய்விடும். ஸ்டெதாஸ்கோப்பை மூட்டை கட்டினார் புல்ககோவ். கைத்தடி ஊன்றி நடந்தபடி, புது அரசின் கலைத்துறை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எழுத ஆரம்பித்தார். நாடகங்கள் மேடையேறின. எல்லாம் சோற்றுக்காக எழுதியவை. அவருக்கே பிடிக்காமல் பிரதிகளைப் பின்னாளில் எரித்துவிட்டார். காசு பற்றாதபோது தாத்தியானா தன் தங்கச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டி விற்றுச் சமைத்தார். நான் படித்த காமர்ஸில் இந்த முதலீட்டை எந்தக் கணக்கில் எழுதுவது என்று சொல்லித்தரவில்லை!

ஆனால், 'என்னை ஏன் படையோடு அழைத்துப் போகவில்லை?' என்று மனைவியைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார் மனிதர். 1921-ல் பாத்தூமி துறைமுகம் வழியாக நாட்டைவிட்டு வெளியேறப் பார்த்தார். நடக்கவில்லை. கடைசியில் மாஸ்கோ. அங்கே ரயில்வே தொழிலாளர் பத்திரிகையான 'குதோக்'கில் நையாண்டிக் கட்டுரைகள் எழுதிப் பிழைத்தார். ராத்திரியில் நாவல்.

அந்த நாவல்தான் 'வெண் காவலர்'. 1925-ல் அச்சானபோது சமர்ப்பணப் பக்கத்தில் இருந்தது இரண்டாவது மனைவியின் பெயர்! தாத்தியானாவை 1924-லேயே விவாகரத்து செய்திருந்தார். கதையை நாடகமாக்கியபோது ஸ்டாலினே பலமுறை வந்து பார்த்தார். பிறகு, 1929-ல் அவருடைய நாடகங்கள் அத்தனைக்கும் தடை.

1940. சிறுநீரக நோய். அப்பாவைக் கொன்ற அதே நோய் என்பது டாக்டருக்குத் தெரியாதா? பார்வை போன நிலையிலும் 'மாஸ்டரும் மார்கரிட்டாவும்' நாவலில் திருத்தங்கள் சொல்லச் சொல்ல, மூன்றாவது மனைவி யெலேனா எழுதிக்கொண்டார். (1966-ல்தான் அது அச்சேறத் தொடங்கியது, அதுவும் வெட்டுப்பட்டு!)

சாவதற்குமுன் தங்கையிடம் ஒன்று கேட்டார்... தாத்தியானாவைப் பார்க்க வேண்டும்.

தாத்தியானா அப்போது சைபீரியாவில் இருந்தார்.