மாத்திரைக்கு வைத்த பெயர்கள்: கோலார் தங்கவயலும் எச்.ஐ.வி.யுடன் வளரும் பதின்பருவத்தினரின் தற்படிமமும்

எச்.ஐ.வி. கிருமியுடன் பிறந்து பதின்பருவத்தை எட்டியவர்கள் என்ற பிரிவு இந்திய மருத்துவ வரலாற்றில் மிக அண்மையில் தோன்றியது; அதைத் தோற்றுவித்தது நோயன்று, மருந்து. தாயிடமிருந்து கிருமி தொற்றிய குழந்தைகளில், சிகிச்சை கிடைக்காதவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இரண்டு வயது நிறைவதற்குள் இறந்துவிடுகின்றனர் என்று ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருந்த காலத்தில், அத்தகைய குழந்தை பதினைந்து வயதில் கண்ணாடி முன் நின்று தன்னை எப்படிப் பார்க்கும் என்ற கேள்வியை எழுப்ப யாருக்கும் தேவை இருக்கவில்லை. தற்படிமம் என்பது ஒருவர் தம் உடல், தகுதி, பிறரிடம் தமக்குள்ள மதிப்பு ஆகியவை குறித்து மனத்தில் வரைந்து வைத்திருக்கும் சித்திரம். அச்சித்திரத்தின் முதல் கோடுகளைப் பிறரே வரைகின்றனர் என்பது, பிறர் பார்வையைக் கண்ணாடியாகக் கொண்டே மனிதர் தம்மை அறிகின்றனர் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் கூலி 1902இல் முன்வைத்த கருத்து. எச்.ஐ.வி.யுடன் வளரும் பிள்ளையைப் பொறுத்தவரை அக்கண்ணாடியைப் பிடித்திருப்பவை, நோய் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஊரும் வீடும் சொல்லும் கதைகளே.

நோய்க்குக் காரணக் கதை சொல்வதில் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் சுரங்கப் பணியை ஏற்றபின், வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பெரும்பாலும் தலித் குடும்பங்கள் இங்கு வந்து, சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், ஊர்காம் முதலிய இடங்களில் சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடுகளில் குடியேறின. பாறைத்தூள் நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிக்கோசிஸ் நோய் குறித்து 1940களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் நடத்தப்பட்ட பரிசோதனையில், பத்துக்கு நான்கு பேருக்கும் மேல் அந்நோய் இருந்தது தெரியவந்தது. ஆயினும் அந்த இருமல் யாரையும் வெட்கப்பட வைக்கவில்லை. அது வேலை கொடுத்த நோய். கம்பெனிமீது பழி சுமத்தவும் நட்ட ஈடு கேட்கவும் இடம் தந்த நோய். அப்பாவின் நெஞ்சு இரைச்சலைக் கேட்டு வளர்ந்த மகன் அப்பாவைக் குறைவாக எண்ண வேண்டியிருக்கவில்லை. எச்.ஐ.வி. வந்தபோது ஊருக்குக் கிடைத்த காரணக் கதையோ முற்றிலும் வேறு.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டு, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அம்மாதிரிகள் பாலியல் தொழிலில் இருந்த பெண்களுடையவை என்பதால், செய்தி வெளியான நாளிலேயே நோயோடு ஒழுக்கமும் சேர்த்துப் பேசப்பட்டது. தமிழ் நாளேடுகள் அதற்கு 'ஆட்கொல்லி நோய்' என்று பெயர் சூட்டின. 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களிலும் தொலைக்காட்சியிலும் பரவிய புள்ளி ராஜா விளம்பரம், பெண்களை நாடிச் செல்லும் ஒரு ஆணைக் கற்பனைப் பாத்திரமாக்கி, அவனுக்கு நோய் வருமா என்று ஊரையே கேட்க வைத்தது. விழிப்புணர்வு என்ற அளவில் அதன் வெற்றியை மறுக்க முடியாது. ஆனால் அந்த விளம்பரத்தில் குழந்தைக்கு இடமில்லை. தமிழ்த் தொலைக்காட்சி பார்க்கும் எந்த வீட்டிலும் இந்த நோயோடு பிறந்த பிள்ளைக்குக் கிடைத்த ஒரே முன்மாதிரி புள்ளி ராஜாதான்.

இதே ஆண்டுகளில் தங்கவயலின் அடித்தளமும் சரிந்தது. பின்னாளில் சுரங்கங்களை நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. அதன்பின் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் விடியுமுன் ஏறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குச் சென்று இரவில் திரும்புவது ஆயிரக்கணக்கானோரின் வாழ்க்கையாயிற்று. பெரியவர்கள் பகல் முழுதும் வெளியூரில் இருக்கும் இத்தகைய வீடுகளில் பிள்ளைகளின் சாப்பாடு, பள்ளி, மருந்து எல்லாம் பாட்டிமார் கைக்கு வருவது இயல்பு. பெற்றோரில் ஒருவரோ இருவருமோ இறந்துவிட்ட வீடுகளில் அது தவிர்க்க முடியாதது.

2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது, தொற்று மிகுந்த ஆறு மாநிலங்களில் ஒன்றாகக் கர்நாடகமும் முதல் பட்டியலில் இடம்பெற்றது. கூட்டு மருந்து என்பது கிருமி பெருகாமல் தடுக்கும் மூன்று மருந்துகளை ஒருசேர நாள் தவறாமல் உட்கொள்வது. மக்கள் வழக்கில் அது ஏ.ஆர்.டி. குழந்தைகளுக்கான தேசியத் திட்டம் 2006 இறுதியில்தான் வந்தது. அதற்குமுன் பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் நடந்தது. மருந்து உயிரைக் காத்தது. ஆனால் உடலில் தன் அடையாளத்தையும் விட்டது. அன்று பரவலாகத் தரப்பட்ட ஸ்டாவுடின், நாளடைவில் கன்னத்துக் கொழுப்பைக் கரைத்து முகத்தை ஒட்டச் செய்தது. கை கால்கள் மெலிந்து நரம்பு புடைத்தது. அதற்கு மாற்றாகத் தரப்பட்ட சிடோவுடின் சிலருக்கு நகங்களைக் கருக்க வைத்தது. சிகிச்சை தாமதமானவர்களிடம் வளர்ச்சி குன்றியது, பருவமடைதல் தள்ளிப்போனது, தோலில் அரிப்புக் கட்டிகளின் கறுந்தழும்பு தங்கியது. ஒன்பதாம் வகுப்பில் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் உயரத்தில் நிற்கும் ஒருவன், அல்லது தோழிகள் எல்லாரும் பெரியவளான பின்னும் காத்திருக்கும் ஒருத்தி, தன் நோயின் பெயரை அறிவதற்கு முன்பே தான் வேறுபட்டவர் என்பதை அறிந்துகொள்கிறார். ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிட உலக சுகாதார நிறுவனம் 2009இல் பரிந்துரைத்தது. அதன் பின்னர் பரவலாகத் தரப்பட்ட எஃபாவிரென்ஸ் இரவில் தலைசுற்றலையும் விபரீதக் கனவுகளையும் தரக்கூடியது. ஆகவே பிள்ளையின் மனச்சோர்வில் மருந்தின் பங்கு எவ்வளவு, வாழ்வின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது மருத்துவர்களுக்கும் எளிதாக இருக்கவில்லை.

உடலைவிடச் சிக்கலானது சொல். நாள்தோறும் விழுங்கும் மாத்திரைக்கு வீட்டில் வேறு பெயர் வைப்பது தென்னிந்தியா முழுவதும் காணப்படும் வழக்கம்: சத்து மாத்திரை, சளி மாத்திரை, இரத்தம் சுத்தமாவதற்கான மாத்திரை. இது வெறும் பொய்யன்று; பிள்ளை வாய்தவறி வெளியே சொல்லிவிட்டால் குடும்பம் முழுதும் விலக்கப்படும் என்ற அச்சத்தின் கணக்கு. கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் 2000களின் தொடக்கத்தில் உடன்பிறந்த இரு குழந்தைகள் பள்ளியில் மற்றவர்களோடு அமர்ந்து படிக்க எதிர்ப்பு எழுந்ததை நாடே பார்த்தது. லைன் வீட்டில் இக்கணக்கு இன்னும் நெருக்கடியானது. பொதுக் குழாய், மெல்லிய பொதுச் சுவர், வாசலிலேயே நடக்கும் பாதி வாழ்க்கை ஆகியவற்றுக்கு நடுவே மாதாந்தர மருந்து டப்பாவையும், சிகிச்சை பெறுவோரிடம் தரப்படும் பச்சைப் புத்தகத்தையும் மறைத்து வைப்பதே தனி வேலை. மறைக்கும் கையைப் பார்த்துப் பிள்ளை ஒன்றைப் புரிந்துகொள்கிறது: மறைக்க வேண்டியது மாத்திரையை மட்டுமன்று.

பள்ளி வயதுக் குழந்தைகளிடம் அவர்களின் நிலையை வயதுக்கேற்ற சொற்களில் சிறிது சிறிதாகச் சொல்ல வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் வழிகாட்டியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் இதை 1999லேயே வலியுறுத்தியிருந்தது. முதலில் உடலுக்குள் இருக்கும் காவலர்கள், அவர்களைத் தாக்கும் கிருமி, கிருமியை உறங்க வைக்கும் மருந்து என்று கதையாகச் சொல்லி, நோயின் பெயரைப் பின்னர் கூறுவது இதன் முறை. இங்கு மொழியும் குறுக்கிடுகிறது. கர்நாடக அரசு மையங்களில் ஆலோசனைக்கு வழங்கும் கன்னடச் சொல் 'ஆப்த சமாலோசனெ'. அதில் நெருங்கியவர் என்ற பொருள் ஒலிக்கிறது. தமிழ்நாட்டில் பரிசோதனை நிலையத்துக்கே 'நம்பிக்கை மையம்' என்று பெயர். வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ பேசும் தங்கவயல் பிள்ளைக்கு, வெட்கம், பயம், அம்மாமீது கோபம் ஆகியவை தமிழில்தான் எழுகின்றன. அவற்றைக் கேட்கும் காதுக்கும் தமிழ் தெரிந்திருக்க வேண்டும்.

உளவியல் அளவுகோல்களிலும் இச்சிக்கல் உண்டு. மோரிஸ் ரோசன்பர்க் 1965இல் வெளியிட்ட, பத்து வாசகங்கள் கொண்ட தன்மதிப்பு அளவுகோல், நியூயார்க் மாநிலப் பள்ளி மாணவர்களைக் கருதி அமைக்கப்பட்டது. தனிமனிதர் தம்மைத் தாமே எடைபோடுவதே அதன் அடிப்படை. தங்கவயலில் மதிப்பு, மானம் ஆகிய சொற்கள் தனிமனிதரோடு நிற்பவை அல்ல. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்தச் சங்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றிய ஊர் இது. அவர் நூல்களைத் தொடர்ந்து அச்சிட்ட சித்தார்த்தா புத்தகசாலை இருந்த ஊர். விரல்ரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்த ஊர். இங்கே மதிப்பு என்பது சேர்ந்து நின்று பெற்ற ஒன்று. எச்.ஐ.வி. உள்ள பிள்ளைக்கு மறுக்கப்படுவது அந்தச் சேர்ந்து நிற்றல்தான். அளவுகோலின் பத்து வாசகங்களில் அதற்கு இடமில்லை.

இக்குறையை உணர்ந்த முயற்சிகள் பெரும்பாலும் கூட்டத்தையே மருந்தாகக் கொண்டன. சிம்பாப்வேயில் 2004இல் தொடங்கிய சுவந்திரி திட்டம், எச்.ஐ.வி. உள்ள இளையோரையே பயிற்றுவித்து, அதே நிலையிலுள்ள பிள்ளைகளின் வீடுகளுக்கு அனுப்பியது. தங்கவயலுக்கு அருகே, மாநில எல்லைக்கு அப்பால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கமில்லியர் துறவியர் நடத்தும் சினேககிராம், அவர்களின் பெங்களூர் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் படிப்போடு தொழிற்பயிற்சியும் நெடுந்தொலைவு ஓட்டமும் கற்பித்தது. ஓட்டம் இங்கு பொழுதுபோக்கன்று. எடை, நோய் எதிர்ப்பு அணுக்களின் (சி.டி.4) எண்ணிக்கை என்று பிறர் அளந்துகொண்டே இருந்த உடலை, பிள்ளை முதன்முதலாகத் தானே கிலோமீட்டரில் அளக்கிறது.

சட்டம் தாமதமாக வந்தது. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், பள்ளியிலும் வேலையிலும் பாகுபாட்டைத் தடை செய்ததோடு, பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட, முதிர்ச்சியுள்ள பிள்ளை தன் தம்பி தங்கையருக்குக் காப்பாளராகக் கையெழுத்திடவும் வழி செய்தது. வீடுகளில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒன்றுக்குச் சட்டம் பெயர் கொடுத்தது என்றே கொள்ள வேண்டும். அண்மைய ஆண்டுகளில் டோலுடெக்ராவிர் அடங்கிய ஒற்றை மாத்திரை வந்தபின் முகம் ஒட்டுவதும் நகம் கருப்பதும் அரிதாயின. இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் வழி தொற்று பரவாது என்பதும் உறுதியாயிற்று. பதின்பருவத்தினரின் கேள்வியும் அதனால் மாறியது: உயிரோடு இருப்போமா என்பது போய், யாரைக் கட்டிக்கொள்வோம், யாரிடம் எப்போது சொல்வோம் என்பது வந்தது. ஆனால் மாத்திரை டப்பா இன்னும் பிளாஸ்டிக்தான்; முப்பது மாத்திரையும் நடக்கும்போது குலுங்கி ஒலிக்கும். பெங்களூர் ரயிலில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் கூட்டத்தில் அந்த ஒலி கேட்காமலிருக்க, டப்பாவுக்குள் பஞ்சு அடைத்து வைப்பதை இந்தத் தலைமுறை தானாகவே கற்றுக்கொள்கிறது.