தோட்டத்து ஆஸ்பத்திரியும் கிராமத்து ஆஸ்பத்திரியும்

இலங்கையின் மத்திய மலைநாட்டில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இரு வகைக் குடியிருப்புகள் அருகருகே இருந்து வந்தன. மலைச்சரிவில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களின் வரிசைவீடுகளான லயங்கள். பள்ளத்தாக்கில் சிங்களக் கிராமங்கள். இடையில் ஒரு மைல்கூட இல்லாத இடங்கள் உண்டு. ஆனால் நோய் வந்தால் மேலே இருப்பவர் போகும் வழி வேறு, கீழே இருப்பவர் போகும் வழி வேறு. அரசாங்கத்தின் சட்டப் புத்தகத்தைப் பார்த்தால், 1872க்குப் பிந்திய ஐம்பது ஆண்டுகளில் வந்தவர்களுக்கே கூடுதல் ஏற்பாடு இருந்தது. பிறகு அது தலைகீழாயிற்று.

கோப்பித் தோட்டங்கள் பெருகிய 1840களில் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கங்களிலிருந்து ஆட்கள் தோணியேறி மன்னார்ப் பகுதியில் இறங்கி, வன்னிக் காட்டு வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தார்கள். குடிநீர் அரிதான அந்தப் பாதையில் வாந்திபேதியும் காய்ச்சலும் பலரைக் கொண்டுபோயின. 1841க்கும் 1848க்கும் இடையில் வந்தவர்களில் நாலில் ஒரு பங்கு, அதாவது 70,000 பேர், மாண்டதாக 1849இல் ‘கொழும்பு அப்சர்வர்’ பத்திரிகை மதிப்பிட்டது. அந்தக் கணக்கு மிகையானது என்று பின்னாளைய ஆய்வாளர்களில் சிலர் வாதிடுகிறார்கள். வந்தவர்களில் திரும்பிப் போனவர்களைச் சரியாக எண்ணியவர் எவருமில்லை என்பதால் அந்த வாதம் முடிவதாகத் தெரியவில்லை. அந்தப் பத்திரிகையை அப்போது நடத்திய டாக்டர் கிறிஸ்டோபர் எலியட்தான் 1858இல் சிவில் மருத்துவத் திணைக்களம் தனியாக அமைந்தபோது அதன் முதல் தலைவரானார்.

அந்தக் காலத்துக் கண்டிக் கிராமத்தவருக்கு மேலைநாட்டு மருத்துவத்தின் தேவை பெரிதாகப் படவில்லை. ஊருக்கு ஊர் பரம்பரை வைத்தியர் இருந்தார். எலும்பு முறிவுக்கும் பாம்புக் கடிக்கும் தனித்தனிக் குடும்பங்கள் இருந்தன. தோட்டத்துக்கு வந்தவர்களோ தங்கள் ஊர் வைத்தியரையும் மூலிகைக் கொல்லையையும் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தவர்கள். லயத்தில் கைவைத்தியம் தெரிந்த ஒரு கிழவி, பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி, மாரியம்மனுக்கு ஒரு நேர்த்தி ஆகியவைதான் அவர்களுடைய கையிருப்பு.

அரசாங்கம் முதன்முதலாக இதில் முறையாகக் கைவைத்தது 1872இல். தோட்ட மாவட்டங்களில் குடியேறிய தொழிலாளர்களின் மருத்துவத் தேவைகளுக்கென்றே அந்த ஆண்டில் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. தோட்டப் பரப்புக்கு ஏக்கர் கணக்கில் வரி விதித்து, தோட்டக்காரர்களின் மாவட்டக் குழுக்களே மருத்துவரை அமர்த்திச் செலவைப் பார்க்கும் ஏற்பாடு அது. செலவு செய்ய வேண்டியவர்களிடமே சாவியையும் கொடுத்தால் பெட்டி எவ்வளவு திறக்கும் என்பது சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. 1880இல் வந்த புதிய சட்டம் பொறுப்பை அரசாங்கத்துக்கு மாற்றியது. மாவட்ட மருத்துவ அதிகாரிகளும் மாவட்ட ஆஸ்பத்திரிகளும் வந்தன. பணம் பெரும்பாலும் தோட்ட விளைபொருள் ஏற்றுமதி மீதான வரியிலிருந்து வந்தது.

இந்தச் சட்டங்கள் தோட்டத்தை நடத்திய துரை மீது சுமத்திய கடமைகள் காகிதத்தில் நன்றாகவே இருந்தன. லயத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பிறப்பு, இறப்புச் செய்தியை மருத்துவ அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் தங்குமிடமும் கொடுத்து, வேலைக்குக் கூப்பிடாமல் இருக்க வேண்டும். பள்ளத்தாக்கிலிருந்த கிராமத்துப் பெண்ணுக்கு இப்படி எந்தச் சட்டமும் இல்லை. வன்னியிலும் நுவரகலாவியவிலும் ‘பறங்கி’ நோய் கிராமம் கிராமமாகப் புண்ணாக்கிக்கொண்டிருந்ததைப் பற்றி, அப்போதைய மருத்துவத் திணைக்களத் தலைவர் கின்சி 1881இல் அறிக்கை எழுதினார். ஆனால் அந்தக் கிராமத்தவர் எவருடைய கணக்கேட்டிலும் கூலியாள் அல்லர் என்பதால், அவர்களுக்காக வரி கட்ட எந்த முதலாளியும் இருக்கவில்லை.

நடைமுறை வேறு விதமாக ஓடியது. தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்தால் ஒரு ‘பேர்’. பாதி வேலைக்கு ‘அரைப்பேர்’. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் பேர் இல்லை, கூலியும் இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை முன் நின்று உடம்புக்கு முடியவில்லை என்று சொல்ல வேண்டும். அவர் நம்ப வேண்டும். துரையிடமிருந்து சீட்டு வர வேண்டும். பிறகு பல மைல் நடந்தோ தூக்கிச் செல்லப்பட்டோ மாவட்ட ஆஸ்பத்திரியை அடைய வேண்டும். தொழிலாளி, தன்னை வேலைக்கு அழைத்துவந்த கங்காணியிடம் முன்பணக் கடன் பட்டவர். படுத்துக் கிடக்கும் நாளெல்லாம் கடன் கூடும். துரைக்கும் ஆஸ்பத்திரியில் ஆள் தங்கும் ஒவ்வொரு நாளும் செலவு. ஆகவே இரு தரப்பும் கடைசி நேரம் வரை காத்திருந்தார்கள். சாகும் தறுவாயில் அனுப்புகிறார்கள் என்று மருத்துவ அதிகாரிகள் ஆண்டறிக்கைகளில் திரும்பத் திரும்பக் குறைபட்டார்கள். அப்படி வந்தவர்கள் ஆஸ்பத்திரியில் இறந்தார்கள். அதைப் பார்த்த லயத்தார் ஆஸ்பத்திரி என்றால் சாவுக்குப் போகும் இடம் என்று அஞ்சினார்கள். அச்சத்தால் இன்னும் தாமதமாகப் போனார்கள்.

குடியேறியவர்களின் சாவு விகிதத்தை உள்ளூராரின் விகிதத்தோடு ஒப்பிடுவதில் ஒரு சிக்கலும் உண்டு. கடல் தாண்டி வேலைக்கு வருபவர் பெரும்பாலும் இளவயதினர், திடகாத்திரர். முதியவர்களும் நாள்பட்ட நோயாளிகளும் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். அங்கே இறப்பவர் இலங்கைக் கணக்கில் வரமாட்டார். எனவே மொத்தச் சாவு விகிதம் ஒன்றாகவே இருந்தாலும், தோட்டத்து நிலைமை மோசமென்றுதான் கொள்ள வேண்டும். இந்தத் திரையில் மறையாதது சிசு மரணம் ஒன்றுதான். அது தோட்டங்களில் வெகுகாலம் மிக உயரத்திலேயே நின்றது. கோப்பியை இலைத்துரு நோய் அழித்தபின் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்கும் பெண்கள் தேவைப்பட்டார்கள். தாய் மலைமேல் நிற்க, குழந்தை ‘பிள்ளைக்காம்பரா’வில் ஒரு கிழவியின் கையில் கிடந்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனம் எல்லைக்கு நகர்ந்தது. 1904இல் இலங்கைத் தொழிலாளர் ஆணையம் திருச்சியில் அலுவலகம் திறந்தது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் போக்குவரத்து தொடங்கியபின் தமிழகக் கரையிலிருந்த மண்டபம் முகாம் பெரிய வாசலாயிற்று. அங்கே ஆட்களை நாள்கணக்கில் நிறுத்திவைத்து அம்மை குத்தினார்கள், உடம்பைச் சோதித்தார்கள், பிற்காலத்தில் கொக்கிப்புழுவுக்கு மருந்தும் கொடுத்தார்கள். முதல் வகுப்புப் பயணச்சீட்டோடு போனவருக்கு இந்த முகாம் வாசம் இல்லை.

கொக்கிப்புழுவே இந்த வரலாற்றின் திருப்பத்துக்கும் வழிவிட்டது. அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையினர் 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் ஒழிப்புப் பணியைத் தொடங்கினார்கள். சோதித்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தது. மருந்து புழுவைக் கொன்றது. ஆனால் கழிப்பறை இல்லாத லயத்தைச் சுற்றி வெறுங்காலோடு நடப்பவருக்குச் சில மாதங்களில் அது மீண்டும் ஏறியது. கழிப்பறை கட்டுவது தோட்டத்தின் செலவு. அதில் துரைமார் காட்டிய நிதானம் ராக்ஃபெல்லர்காரர்களைச் சலிக்க வைத்தது. அவர்கள் தோட்டத்திலிருந்து கிராமத்தின் பக்கம் திரும்பினார்கள். 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு தோன்றியது. பயிற்சி பெற்ற மருத்துவச்சி, சுகாதாரப் பரிசோதகர், தாய்சேய் நிலையம் எல்லாம் ஒரே குடையின் கீழ். இந்த மாதிரி நாடு முழுதும் பரவியது, தோட்டத்து எல்லைக்கல் வரை. அதற்கப்பால் தோட்டத்தின் டிஸ்பென்சர்தான் மருத்துவர், தோட்டத்தின் கணக்குத்தான் சட்டம். 1912ஆம் ஆண்டுச் சட்டம், சொந்த மருந்தகம் வைக்கும் தோட்டங்களை ஊக்குவித்து இந்தப் பிரிவினையை ஏற்கெனவே கெட்டியாக்கியிருந்தது.

கிராமத்தின் பக்கம் நேர்ந்த இந்தத் திருப்பத்துக்கு இரண்டாவது காரணம் வாக்கு. 1931இல் வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை வந்தபோது, இந்தியத் தொழிலாளருக்கு மட்டும் நிரந்தரக் குடியிருப்பு நிபந்தனை போடப்பட்டது. 1934–35இல் மலேரியா பெருவாரியாகப் பரவிச் சுமார் 80,000 உயிர்களைக் குடித்தது. குருநாகல், கேகாலைக் கிராமங்கள் நிலைகுலைந்தன. உயரமான தேயிலைத் தோட்டங்கள் கொசுவுக்கு எட்டாததால் பெரும்பாலும் தப்பின. பட்டினியும் காய்ச்சலும் பார்த்த கிராமத்தவர் வாக்காளராகவும் இருந்ததால், அடுத்த பத்தாண்டுகளில் கிராமப்புறங்களில் மருந்தகங்களும் ஆஸ்பத்திரிகளும் எழுந்தன. 1946இல் கொசுவைக் கொல்லும் டி.டி.டி. தெளிப்பு தொடங்கியது. அந்த ஆண்டில் 1,000 பிறப்புக்கு 141 ஆக இருந்த நாட்டின் சிசு மரணம் 1947இல் 101 ஆக இறங்கியது.

சரியாக அந்த வேளையில் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ 8 லட்சம் தோட்டத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. வாக்கும் போயிற்று. இலவச அரச மருத்துவம் விரிந்த காலம் முழுதும் அவர்கள் தோட்டத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டார்கள். பெரும்பாலானோர் இலங்கையிலேயே பிறந்தவர்கள் என்றாலும், மருத்துவத்தில் அவர்கள் இன்னும் ‘வந்தவர்’கள்தான். இதன் விலை 1970களின் உணவுப் பஞ்சத்தில் தெரிந்தது. 1974இல் தோட்டத்துச் சிசு மரணம் நாட்டுச் சராசரியின் இரு மடங்கைத் தாண்டியது. கிராமத்தவருக்குச் சிறு வயலும் பலாமரமும் இருந்தன. லயத்தாருக்கு ரேஷன் மாவு தவிர வேறில்லை.

1972, 1975 நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அதன்பின் தாய்சேய் நலத்திட்டங்களும் தடுப்பூசியும் மெல்ல எல்லைக்கல்லைத் தாண்டின. 1988, 2003 சட்டங்கள் குடியுரிமைச் சிக்கலைத் தீர்த்துவைத்தன. தோட்ட ஆஸ்பத்திரிகளைச் சுகாதார அமைச்சு ஏற்பது 1990களில் தொடங்கியது. சில ஏற்கப்பட்டன, பல, அந்தப் பத்தாண்டில் தோட்டங்களை ஏற்ற தனியார் நிர்வாகங்களின் கையிலேயே நின்றன. இன்று தோட்டத்துப் பெண்களும் கிராமத்துப் பெண்களைப் போலவே ஏறத்தாழ அனைவரும் ஆஸ்பத்திரியில்தான் பிள்ளை பெறுகிறார்கள். ஆனால் 2016ஆம் ஆண்டு மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டக் குழந்தைகளில் சுமார் 32 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு தழுவிய அளவு சுமார் 17 சதவீதம்.